வேலையில் சேரும் முன்பே பேசிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகள் மதுரை மாசி வீதிக் கடைகளிலும், ஆடிட்டர் அலுவலகங்களிலும், இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களிலும் வேலை தேடி ஏறி இறங்கும் இந்த நேரத்தில், அவர்களுடைய பெற்றோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வேலை நேரம், வார விடுமுறை பற்றி நேர்காணலிலேயே கேட்க நினைக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். "முதலில் சேர்ந்துவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பெரும்பாலோர் சொல்லி அனுப்புகிறோம். சேர்ந்த பிறகு வாய் திறந்தால், வந்ததும் குறை சொல்கிறவர் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

என்னிடம் வணிகவியல் படித்த மாணவி ஒருவர், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்து, நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மாலை ஆறரைக்குக் கிளம்பிவிடலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி நெருங்கியதும் கடை சாத்தும்வரை இருக்கச் சொன்னார்கள். பண்டிகை முடிந்த பின்னும் அதுவே வழக்கமாகிவிட்டது. மகள் வந்து சேரும்வரை அவருடைய தந்தை ஊர் விலக்கில் இருட்டில் காத்து நிற்பார். வேலையை விட முனைந்தபோது, சேரும் நாளில் வாங்கி வைத்த அசல் மதிப்பெண் சான்றிதழ்களைத் தர மறுத்து இழுத்தடித்தார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நேரத்தைப் பற்றிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தது.

ஆயினும் இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் வர வேண்டுமா, ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பு உண்டா என்பவற்றையெல்லாம் அவரவர்தான் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். "ஏழரை மணிப் பேருந்தை நான் விட முடியாது, மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் முன்கூட்டியே சொன்னால் அப்பாவை வரச் சொல்லிவிட்டு இருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்கிறவரை, நல்ல முதலாளி மதிக்கவே செய்வார். பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலிலோ செய்தியிலோ எழுதி அனுப்பிவிடுவது நல்லது. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். கொடுக்க வேண்டியது நகல் மட்டுமே.

வீட்டு நிலைமை நெருக்கும்போது நிபந்தனை பேச முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் பேச முடியாதவர்கள், எதை விட்டுக்கொடுத்தால் வேலையில் நீடிக்கவே முடியாதோ அந்த ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது வீடு திரும்பும் நேரமாகவே இருக்கிறது.

வளாக நேர்காணல் நடத்தும் மதுரைக் கல்லூரிகள், வேலை நேரத்தையும் விடுமுறையையும் எழுத்தில் தரும் நிறுவனங்களை மட்டுமே இந்த ஆண்டு முதல் உள்ளே அழைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருமங்கலம்.