எது கெட்டால் வண்டி நிற்கும்?

கண்ணு,

நெடும்பயணத்துக்கு எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு மோட்டார் சைக்கிள்களின் விவரத்தையும் படித்தேன். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, சுசுகியின் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250. ஷோரூமில் உனக்குச் சொன்னதில் பாதி வசதி, மீதி விளம்பரம். இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும். இந்தச் சமாச்சாரம் வழியில் கெட்டுப்போனால் வண்டி ஓடுமா, நின்றுவிடுமா? ஓடும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நின்றுவிடும் என்றால், கெடாத நாளில் அது உனக்கு என்ன தருகிறது என்று கணக்குப் பார்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸில் பேரமே கிடையாது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் அது கட்டாயம். முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் சட்டம் ஒத்துக்கொள்ளும், ஆனால் நீ பார்க்கிற இரண்டிலுமே இரண்டு சக்கரத்துக்கும் இருக்கிறது. டிஸ்க் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு சின்ன வளையம் இருக்கும் பார். அது சுற்றுவதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை நொடியில் பலமுறை விட்டுப் பிடிக்கும். சாவி போட்டதும் எரிகிற ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் பெரும்பாலும் சேறுதான். வளையத்தையும் சென்சார் முனையையும் ஈரத்துணியால் துடைத்துப் பார். அப்படியே கெட்டுப்போனாலும் சாதா பிரேக் வேலை செய்யும், வண்டி வீடு வந்து சேரும். நான் சொன்ன கேள்வியில் முழு மார்க் வாங்குகிற வசதி இது.

ஹிமாலயனில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள்ளலாம், எஸ்எக்ஸில் முடியாது. சரளைக்கல் இறக்கத்தில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்துக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் அங்கே வண்டி கூடுதல் தூரம் ஓடும், அதற்காகத்தான் அந்த ஸ்விட்ச். நீ போகிற வால்பாறையின் 40 கொண்டை ஊசியும் திம்பத்தின் 27 வளைவும் தார்ச்சாலை. அந்த ஸ்விட்சை நினைத்து ஏங்காதே.

இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் கெட்டால் வண்டி நிற்கும். ஆனாலும் வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டியில், அந்த வேலையைச் செய்த பழைய கார்புரேட்டரைத் தேட வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூரில் டியூன் பண்ணிய கார்புரேட்டர் ஊட்டி ஏறினால் அங்கே காற்று மெலிவதால் பெட்ரோல் மிஞ்சிப்போய்ப் புகைக்கும், இழுக்காது. இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதன் பலவீனம் கரண்ட்தான். பேட்டரி ரொம்ப இறங்கிவிட்டால் பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப் அழுத்தம் தராது, தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் பலிக்காது. கிக்கரும் கிடையாது.

அதனால் வண்டி கிளம்பாமல் நின்றால் எந்த வரிசையில் பார்ப்பது என்று மனப்பாடம் பண்ணிக்கொள். முதலில் வலது கைப்பக்கம் இருக்கிற சிவப்பு கில் ஸ்விட்ச், இன்ஜினை அணைக்கிறது. சிரிக்காதே, பாதிப் பேர் அதில்தான் ஏமாறுகிறார்கள். அடுத்தது சைடு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் போட்டபடி கியர் விழுந்தால் இன்ஜின் அணைய ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதில் மண் புகுந்தால் ஸ்டாண்டை மடக்கின பிறகும் கியர் போட்டதும் வண்டி அணையும். அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்பிரே அடித்து, ஸ்டாண்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கு. பிறகு சாவியைப் போட்டுக் காதைத் தீட்டிக் கேள். டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் பாடும். பாடவில்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல். புது வண்டியில் டெர்மினல் ஸ்க்ரூ அதிர்வில் தளர்வது சாதாரணம், ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ஒரு நிமிட வேலை. வண்டி கீழே விழுந்து எழுந்திருந்தால் சாய்வு சென்சார் பெட்ரோலை நிறுத்தியிருக்கும். சாவியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகும்.

சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே என்றால் அன்றைக்குப் பயணம் கிளம்பாதே. இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜை அளவாக வைக்கிற ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

இனி நீ கேட்ட ஸ்கிரீன். ஹிமாலயனில் 4 அங்குல வட்ட டிஎஃப்டி கலர் ஸ்கிரீன், அதிலேயே போன் வழியாக கூகுள் மேப் வரும். எஸ்எக்ஸில் சாதா எல்சிடி, புளூடூத்தில் திரும்பும் பக்கம் மட்டும் அம்புக்குறி காட்டும். பார்க்க முதலாவதுதான் அழகு, அதில் சண்டை இல்லை. ஆனால் மேப்பின் மூளை உன் போனில்தான் இருக்கிறது. பெங்களூரிலிருந்து கொள்ளேகால் வழியாக நீ வந்தால் ஆசனூர் காட்டில் டவர் போய்விடும். அந்த வரைபடத்தை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைக்காவிட்டால் 4 அங்குலமும் வெறும் கண்ணாடி. போன் பைக்குள் சூடேறிக்கொண்டே சார்ஜும் குடிக்கும். டிஎஃப்டி செத்தால் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள், நியூட்ரல் விளக்கு எல்லாம் ஒன்றாகப் போகும், முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். எல்சிடிக்கும் அதே கதைதான், விலைதான் வேறு. இரண்டு மீட்டருக்கும் ஸ்பேர்பார்ட்ஸ் கவுன்ட்டரில் விலை கேள். சேல்ஸ் மேசையில் கேட்காதே, அங்கே தெரியாது.

இன்சூரன்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதித் தேய்மானம் கழிப்பார்கள். ஆகவே முதல் சில வருஷம், அந்தத் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்துக்கொள். ஆனால் விபத்தே இல்லாமல் ஸ்கிரீன் தானாக அணைந்தால் எந்தப் பாலிசியும் வராது, வாரண்டி இருக்கிற வரைதான்.

ஆக்ஸிலேட்டர் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. ஹிமாலயனில் கைப்பிடியிலிருந்து இழுக்கிற ஒயரே கிடையாது. கைப்பிடியில் இருக்கிற சென்சார் சொல்ல, மோட்டார் திறக்கும். ஈகோ, பெர்ஃபார்மன்ஸ் என்று மோடு கிடைப்பது இதனால்தான். அரிதாகத்தான் கெடும், கெட்டால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற சர்வீஸ் சென்டர் வேண்டும். எஸ்எக்ஸில் பழைய ஒயர். அது ஒரேயடியாக அறுவதில்லை. முதலில் கைப்பிடி கனக்கும், பிறகு விட்டாலும் திரும்பி வரத் தயங்கும், அப்புறம்தான் ஒவ்வொரு இழையாகப் போகும். அதாவது முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடும். மாற்று ஒயரைப் பழைய ஒயரின் போக்கிலேயே இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி வைத்துக்கொண்டால் வழியில் இரண்டு முனையை மட்டும் மாற்றினால் போதும். கைப்பிடியில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது தானாக ரேஸ் ஆகும், கொண்டை ஊசியில் அது வேண்டாத வேலை. கிளட்ச் ஒயர் அறுவது எப்போதும் லீவர் பக்கத்து ஈயக்குண்டு அருகில். மாதம் ஒருமுறை அங்கே ஒரு பொட்டு கிரீஸ் வை.

கூலிங்கில் நான் அவ்வளவு கறார் இல்லை. ஹிமாலயனில் ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், ஃபேன், ஹோஸ் என்று சாமான் அதிகம், கல்லடி படாமல் முன்னால் ஒரு வலை போட வேண்டும். கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும், சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். எஸ்எக்ஸ் ஆயில் கூலிங். அதில் ஆயில்தான் எல்லாம், அளவு குறைந்தால் சூடும் ஏறும், தேய்மானமும் ஏறும். எந்த வண்டியானாலும் சரி, சிவப்பில் சூட்டு விளக்கோ ஆயில் விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. மஞ்சளில் இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி சீராக ஓடினால் மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம்.

டூரிங் வண்டியை உண்மையில் நடுவழியில் நிறுத்துவது டயர்தான். ஸ்கிரீனைப் பற்றி நாலு பக்கம் அனுப்பிய நீ இதைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை! எஸ்எக்ஸில் அலாய் வீல், டியூப்லெஸ். ஹிமாலயனில் கம்பிச் சக்கரம். அதிலேயே டியூப்லெஸ் வேண்டும் என்றால் கூடுதல் காசு. டியூப் வைத்த கம்பிச் சக்கரம் குழியில் விழுந்தால் நெளியும், நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் டியூப் பஞ்சரானால் காற்று சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றி, லீவர் போட்டு நெம்பி, டியூபை உருவ வேண்டும். தனியாகப் போகிற உனக்கு அது ஆகாது.

டியூப்லெஸ் பஞ்சர் நீயே போடலாம். ஆணி எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இடுக்கியால் இழு. அதே கோணத்தில் அரம் மாதிரி இருக்கிற குத்தூசியை ஐந்தாறு தடவை உள்ளே விட்டு எடு, ஓட்டை சொரசொரப்பாக வேண்டும். ஸ்ட்ரிப்பை மற்ற ஊசியின் காதில் நடுவாகக் கோத்து, பசை தடவி, வெளியே ஒன்றரை செ.மீ. மிச்சம் இருக்கிற வரை அழுத்து. அப்புறம் ஊசியை வெடுக்கென்று நேராக உருவு. மெல்ல இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்கு, காற்றடி, எச்சில் தொட்டு வை. குமிழி வரவில்லை என்றால் கிளம்பு. மின் ஏர் பம்ப் 10 ஆம்பியர் வரை இழுக்கும், யூஎஸ்பியில் மாட்டாதே. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து வை. டயரின் பக்கச்சுவரில் குத்தியிருந்தால் இந்த வைத்தியம் செல்லாது.

கைப்பிடியை முறுக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டுகிற குரூஸ் கன்ட்ரோல் இந்த இரண்டிலும் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். 2025-இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி சேலம் வரை அரை மணி நேரம் உபயோகப்படும். அதற்குள் ஒரு டிராக்டர் எதிர்த் திசையில் வரும். விடு.

பணக் கணக்கில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. வரிக்கு முந்திய விலை இரண்டு லட்சம் என்று வைத்தால் ஒன்றில் வரி 36,000, மற்றதில் 80,000. அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பக்கத்துப் பையைத் தாங்குகிற சேடில் ஸ்டே, இரண்டு பை எல்லாம் வந்துவிடும்.

எடையையும் பார். ஹிமாலயன் 196 கிலோ, எஸ்எக்ஸ் 167. ஓடும்போது தெரியாது. பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதும், ஈரத்தில் சாய்ந்த வண்டியைத் தூக்கும்போதும் அந்த 29 கிலோ தெரியும். டேங்க் ஹிமாலயனில் 17 லிட்டர், எஸ்எக்ஸில் 12. எஸ்எக்ஸ் லிட்டருக்கு 35 கொடுத்தாலும் 400 கி.மீ. வரும், பெங்களூர்–கோவைக்குத் தாராளம்.

என் வாக்கு எஸ்எக்ஸுக்கு. ஒரே ஒரு இடத்தில் மாற்றிக்கொள்வேன். பின்னால் ஆள் வைத்து, மூட்டை கட்டி, லடாக் போகிற திட்டம் நிஜமாகவே இருந்தால். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் பாதிக்குச் சற்று மேலேதான். எஸ்எக்ஸின் 26.5 குதிரைத்திறன் அங்கே 14, 15 ஆகிவிடும். ஹிமாலயனின் 40, இருபதுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அங்கே அந்த வித்தியாசம் ஏறுவதற்கும் உருட்டித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

எதை எடுத்தாலும் டெலிவரிக்கு முன் டயரில் நாலு இலக்க எண் பார். 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம் தயாரானது. முன்னும் பின்னும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேள். செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கிற அளவுக்குள் இருக்க வேண்டும். ஷோரூமில் முறுக்கிக் கட்டித் தந்தால் பேரிங் சீக்கிரம் போகும். கூடுதல் லைட்டை அன்றைக்கே மாட்டித் தருகிறோம் என்பார்கள். ஒயரை நடுவில் கீறிச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு, ரிலே என்கிற தனி ஸ்விட்ச் வைத்து பேட்டரியிலிருந்து தனியாக இழுத்தால் மட்டும் சம்மதி.

சனிக்கிழமை மறுபடி டெஸ்ட் ரைடு போகும்போது ஷூ போட்டுக்கொண்டு, லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டு போ. இரண்டு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, எத்தனை விரல் தரையில் பதிகிறது, சரிவில் நிறுத்திக் காலால் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு. அம்மா முறுக்கு கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள், யாராவது வருகிறார்களா என்றும் சொல்.

அப்பா