எஸ்மின்னு இப்ப அங்க யாரும் சொல்றதில்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, லித்துவேனியா விவசாயி இன்னிக்கும் பேசறது சமஸ்கிருதம்தான்ங்கற மாதிரி ஒரு கட்டுரை வந்துச்சு. கூடவே ஒரு கட்டம் வேற, இருக்கேன், இருக்கே, இருக்குங்கறதுக்கு சமஸ்கிருதப் பக்கம் அஸ்மி, அஸி, அஸ்தி, லித்துவேனியப் பக்கம் எஸ்மி, எஸி, எஸ்தி. வாட்ஸப்ல சுத்துற அதே கட்டம்தான். அங்க வந்தா தள்ளிவிட்டுட்டு போயிடுவேன், பேப்பர்ல அச்சாகி வந்ததும் மனசு கேக்கல. வேலை விஷயமா மூணு வருஷம் அந்த நாட்டுத் தலைநகர் வில்னியஸ்ல இருந்தவன் நான், பாஷை அரைகுறைதான், ஆனா இந்த ஒரு வினைச்சொல்லோட நிறையவே மல்லுக்கட்டியிருக்கேன்.

போன புதுசுல நானும் இந்தக் கட்டத்தை நம்பிக்கிட்டு வீட்டுக்கார அம்மாகிட்ட "அஷ் எஸ்மி...", அதாவது நான் இருக்கேன்னு ஆரம்பிச்சேன், அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. யாராவது வெளிநாட்டுக்காரர் நம்ம டீக்கடைல வந்து நின்னு "யான் உளேன்"னா நமக்கு எப்படி இருக்கும், அதே கதை. எஸ்மி எல்லாம் பழைய புத்தகத்துல இருக்கு, லித்துவேனிய மொழியோட முதல் அச்சுப் புத்தகமே 1547லதான் வந்துச்சு, அந்தக் காலத்து எழுத்துல பாக்கலாம். இப்ப பேசறது எஸு, எஸி, ஈர. எஸ்தி மட்டும் எப்பவாவது எழுத்துல தலை காட்டும்.

இந்த ஈர இருக்கே, அதுதான் கூத்து. அவன், அவ, அது, அவங்க எல்லாத்துக்கும் அந்த ஒரே ஈரதான், ஒருமை பன்மை எதுவும் கிடையாது. சமஸ்கிருதத்துல ஒருத்தர்னா அஸ்தி, ரெண்டு பேர்னா ஸ்தஹ, அதுக்கு மேல ஸந்தின்னு தனித்தனியா இருக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில வர்ற ஈரவுக்கும் அஸ்திக்கும் பாத்தா ஒட்டே தெரியல, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு லாட்விய மொழில அதுக்கு இர்னு சொல்வாங்க.

அதுக்காக உறவே இல்லைன்னு சொல்ல வரல. உறவு நிஜம், ஆனா தாய் பிள்ளை உறவு இல்ல, ஒரே வயித்துப் பிள்ளைங்க. உங்க கட்டத்துலயே அதுக்கு சாட்சி இருக்கு, கவனிச்சுப் பாருங்க. கிரேக்கத்துல எஸ்தி, லத்தீன்ல எஸ்ட், லித்துவேனியத்துல எஸ்தி, எல்லாம் எகரம். சமஸ்கிருதத்துல மட்டும் அகரம். பழைய எகரம் சமஸ்கிருதத்துல அகரமா மாறிடுச்சு, மத்தவங்க அப்படியே வச்சுக்கிட்டாங்க. சமஸ்கிருதத்துலேர்ந்துதான் லித்துவேனியம் வந்துச்சுன்னா, அங்க தொலைஞ்சு போன எகரம் இங்க எப்படி முளைக்கும்?

இன்னொண்ணு, இந்த வினைச்சொல் ஒத்தை வேர்ல நிக்கல. லித்துவேனிய அகராதில இருக்கங்கறதைத் தேடினா பூத்தின்னு இருக்கும், பூமில வர்ற பூ மாதிரி சொல்லணும், சும்மா உச்சரிப்புக்கு சொல்லல, பூமிக்கும் பூதத்துக்கும் புவனத்துக்கும் அதே வேர்தான். இருந்தான்னா புவோ. இருப்பேன்னா பூஸ்யு, அது பக்கத்துல அதே அர்த்தத்துல வர்ற சமஸ்கிருத பவிஷ்யாமிய வச்சுப் பாருங்க. இங்கிலீஷ்ல ஈஸ் ஒரு வேர் பீ ஒரு வேர்னு இருக்கில்ல, அதே ரெண்டு வேர்தான் இங்கயும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பூன. இப்ப குளுருதுன்னா "ஷால்த", குளிர்காலத்துல எப்பவும் குளிரா இருக்கும்னா "பூன ஷால்த". நாம இருக்கு, இருக்கும்னு பிரிக்கிறோமே கிட்டத்தட்ட அதுதான், அதனால எனக்கு இது சட்டுனு பிடிபட்டுச்சு, கூட வேலை பாத்த இங்கிலீஷ்காரருக்கு கடைசி வரை பிடிபடல. அப்பல்லாம் இங்க வாரா வாரம் சந்தை இருக்கும்னு பழைய கதை சொல்றதுக்குத் தனியா பூதவோன்னு ஒரு இறந்தகாலம் வச்சிருக்காங்க, நமக்கு அதுக்கும் இருக்கும்தான். இந்த தவோ விகுதி சமஸ்கிருதத்துல இல்ல, லாட்வியத்துல கூட இல்ல, இவங்களா செஞ்சுக்கிட்டது. உங்க கட்டுரைல இதைப் பத்தி ஒரு வரி இல்ல.

சாயங்காலம் லேட்டாப் போனா ரொட்டிக் கடைல "துவோனோஸ் நேர"ம்பாங்க. ரொட்டின்னா துவோன தானே, இது என்ன துவோனோஸ்னு முதல் நாள் முழிச்சேன். ஈரவுக்கு எதிர்ப்பதம் நேர, ஒரு சாமான் இல்லைன்னு சொல்லும்போது அந்த சாமான் பேரு ஆறாம் வேற்றுமைக்குப் போயிடும், அதாவது ரொட்டியோட இல்லை. மூணு வருஷத்துல நான் தப்பில்லாம கத்துக்கிட்ட வாக்கியம் அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன், அவ்வளவு தடவை வெறுங்கையோட திரும்பியிருக்கேன்.

கட்டுரை முழுசையும் மாத்தச் சொல்லல. கட்டத்துக்குக் கீழ "இன்றும் பேசப்படும் வடிவங்கள்"னு போட்டிருக்கீங்களே, அந்த வரிய மட்டும் எடுத்துட்டு எஸு, எஸி, ஈரன்னு ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன், ஸ்ரீரங்கம்