முதலில் ஓடிவரும் குட்டிதான் சிறந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காவலுக்கும் மோப்பத்துக்கும் நாய்க்குட்டி வாங்குகிற பலர், துள்ளிக்கொண்டு முதலில் ஓடிவருவதையே தூக்கிப் போகிறார்கள். அது போதாது.

ஏழாவது வாரத்தில், குட்டி இதுவரை பார்க்காத இடத்தில், பழக்கமில்லாத ஒருவர் ஒவ்வொன்றாகத் தனியே சோதிக்க வேண்டும். வயிறு முட்டத் தின்றதும் கூடாது. சென்னை வெயிலுக்கு அதிகாலையே நல்லது.

ஐந்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் மூடியைத் தரையில் போடுங்கள். திடுக்கிடுவது குறையே அல்ல. அடுத்த சில நொடிகள்தான் முக்கியம். காதை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூடியை மோந்து பார்க்கப் போகிற குட்டி வேலைக்கு ஆகும். வாலை இடுக்கி மூலையில் ஒடுங்கி, கூப்பிட்டும் வராதது தீபாவளி வெடிச்சத்தத்தில் மிகவும் சிரமப்படும். சற்றும் அசையாததைத் தைரியசாலி என்று மெச்சிவிட வேண்டாம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று விசிலடித்துப் பாருங்கள்.

தொடு உணர்ச்சிக்கு, முன்னங்கால் விரலிடைச் சவ்வை நகம் படாமல் பிடித்து, பத்து வரை எண்ணியபடி மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். காலை இழுத்ததும் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்றிலேயே இழுப்பது மட்டமான குட்டி அல்ல. அதட்டாமல், கழுத்துப்பட்டையைச் சுண்டாமல் பழக்குகிறவரிடம் அது நன்றாகவே வேலை செய்யும். முரட்டுக் கையில் கொடுத்தால் கெட்டுவிடும்.

ஒருநாள் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். அந்த இடைவெளியில் மறுபடி சோதியுங்கள்; தாய் நாய் அந்நியரிடம் எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

– நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர்,
வேளச்சேரி, சென்னை