கர்ப்பிணியின் தூக்கத்தையும் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்ப்பகால உணவு, ஸ்கேன், சர்க்கரை பற்றியெல்லாம் உங்கள் இதழில் அடிக்கடி படிக்கிறோம். தூக்கம் வராத கர்ப்பிணிகள் என்ன மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். மகப்பேறு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகள் சிலவற்றில், "தூக்கமே இல்லண்ணே" என்றால் போதும். அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முழுகாமல் இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. தூக்கத்துக்கென்று இப்படிக் கொடுக்கும் அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் மூன்றும் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. விற்றால் எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 முதல் இருக்கிற விதி இது.

தாலிடோமைடும் தூக்க மருந்தாகத்தான் வந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் சீட்டே தேவையில்லாமல், கர்ப்பிணிகளும் பயமின்றிச் சாப்பிடலாம் என்று சொல்லி விற்றார்கள். 1961 நவம்பரில் அங்கே நிறுத்தினார்கள். அதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் வளராமல் பிறக்கும்படி செய்துவிட்டது. கரு தரித்த மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கே பாதிப்பு அதிகம். பல பெண்களுக்குத் தான் உண்டாகியிருப்பதே தெரியாத நேரம் அது.

இன்றைய மாத்திரைகளை அதோடு சேர்த்துப் பேசிப் பெண்களை மிரட்டுவது நியாயமில்லை. டயஸிபாம் வகை மருந்துகளால் குழந்தைக்கு அண்ணப்பிளவு (மேல்வாய் பிளந்திருப்பது) வரும் என்று பழைய ஆய்வுகள் சொன்னன. பிந்தைய பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நான் வார்டில் பார்த்த சங்கடம் வேறு. கடைசி மாதங்களில் இவற்றைத் தொடர்ந்து போட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தை சில நேரம் துவண்டு கிடக்கும். தூக்கினால் கழுத்து நிற்காமல் சரியும், மார்பில் வைத்தால் சப்பத் தெம்பிருக்காது, மூச்சைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியிருக்கும். தாய் என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று தெரிந்தால் முன்கூட்டியே தயாராக இருக்கலாம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வாய் திறப்பதில்லை.

நெடுநாளாக மாத்திரை போடுகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் பார்த்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டிய விஷயம். 'இயற்கை' என்று வாங்கும் அஸ்வகந்தாவும் கர்ப்பத்தில் வேண்டாம். தூக்க ஹார்மோனான மெலடோனின் கலந்த, மென்று தின்னும் 'கம்மி' வில்லைகள் மிட்டாய் மாதிரி இருந்தாலும் கர்ப்பிணிகளிடம் போதிய ஆய்வு நடக்காதவை.

தூக்கம் போவதற்குக் காரணம் பல நேரம் வேறெங்கோ இருக்கும். ராத்திரியில் கால் குடைந்து ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் பலத்த குறட்டை வந்தால் பி.பி.யோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, காரணமில்லாமல் அழுகிற பெண்ணுக்கு வேண்டியது மனநல உதவி. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்துதான் வேண்டும் என்றாலும் டாக்டரிடம் வழியுண்டு. மசக்கை வாந்திக்கு எழுதித்தரும் டாக்சிலமின் தூக்கமும் தரும். கர்ப்பிணிகளிடம் பல ஆண்டுகள் பயன்படுத்தி, பாதுகாப்பானது என்று அறியப்பட்டது.

மாதப் பரிசோதனையில் எடை, பி.பி., ரத்த அளவு எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. கூடவே, "ராத்திரி தூங்குறியாம்மா? தூக்கத்துக்கு ஏதாவது போடுறியா?" என்று கேட்டு, பதிலையும் எழுதிவைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். மருந்துக்கடைகளின் எச்1 பதிவேட்டை மருந்து ஆய்வாளர்கள் திறந்து பார்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.