ஆண்டறிக்கை 2024–25: மதுரைக்குள் ஒரு சுற்றுலா

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை நிர்வாகக் குழு சார்பில் வாசிக்கிறேன். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த்தொல்லை மூன்றும் போன வருட அறிக்கையில் இருந்தபடியே இருக்கின்றன. மனுக்களின் நகல் கோப்பில் உள்ளது.

இந்த வருடம் புதிதாக நடந்தது ஊர் சுற்றியதுதான். சென்ற பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர், "வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி சமணர் மலைக்கு வழி கேட்டார், எனக்குத் தெரியவில்லை" என்று வருத்தப்பட்டார். எல்லாரும் சிரித்தோம். சரி, போனவர்கள் கை தூக்குங்கள் என்றால், நான்கு கைதான். அதனால்தான் நம் ஊரையே நாம் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இதற்கு டிக்கெட் எடுத்ததே இல்லை. தூண்களை எண்ணக் கிளம்பிய பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்கோடு திரும்பினார்கள். உள்ளவை 985.

அடுத்து மேலமாசி வீதி. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது இங்கே ஒரு வீட்டு மாடியில். கீழே கதர்க்கடை. அந்தக் கடையில் வருடாவருடம் தள்ளுபடிக்கு வேட்டி எடுக்கும் நம் பொருளாளர், மாடிப்படியை அன்றுதான் பார்த்தாராம். அங்கிருந்து காமராஜர் சாலை காந்தி பொட்டல் வரை போனோம். அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் நின்ற இடம் அது.

சமணர் மலைக்குப் போன நாளில், பேசிவைத்த வேன் வரவில்லை. முன்பணமும் இன்னும் வரவில்லை. ஆட்டோக்களில் கீழக்குயில்குடி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில் என்று அடிவாரமே போதும் என உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேலே ஏறியவர்கள் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்தோம். சிற்பங்களின் கீழே யார் செய்வித்தது என்று வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், வெட்டியிருக்கிறார்கள். ஒரு சிற்பம், அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது. ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஓர் அம்மாவின் பெயர் அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பாறையில் போன மாதம் யாரோ கீறிய காதலர் பெயர்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் யாரும் அல்ல என்று நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வேன் முன்பணம் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

அடுத்த பயணம் ஆனைமலை நரசிங்கம். கி.பி. 770இல் பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயில். மாட்டுத்தாவணியிலிருந்து எவ்வளவு பக்கம்! பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்கவும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் வரலாம், பாக்கியைக் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்