தானாக வரும் என்று இருந்துவிடாதே

கும்பகோணம்
கார்த்திகை 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தையில் நீயும் பாட்டியாகப் போகிறாய் என்ற வரியைப் படித்ததும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹாஸ்டலில் ஒரு பக்கெட் தண்ணீரை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குளித்தது நேற்றுபோல இருக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா? எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டு.

பத்திய சாமானெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன், தாய்ப்பால் தானாக வந்துவிடும், அதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் மகள் கவிதாவின் பிரசவத்துக்கு அப்புறம் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கவிதாவுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன்தான், அதனால் உன் மகளுக்கும் அப்படி ஆனால் கலங்காதே. ஆபரேஷன் என்றாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், தாய்க்கு நினைவு இருக்கும். பிள்ளையைச் சீக்கிரமே மார்பில் போடலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எங்களுக்கு அது தெரியவில்லை. "அம்மா தூங்கட்டும்" என்று பவுடர் பாலைப் பாட்டிலில் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிப் புகட்டியது நான். அது இன்றும் உறுத்துகிறது.

அந்த நேரத்தில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் வந்தாலே பெரிது. பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும். நோய் எதிர்ப்புச் சத்து அதில் அவ்வளவு செறிவாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டினார்கள், நினைவிருக்கிறதா?

மூன்றாம் நாள் கவிதாவுக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவான், இழுப்பான், விட்டுவிட்டு வீறிடுவான். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா, "பால் பத்தலையோ என்னவோ" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். கவிதா ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு 1991 நினைவு வந்தது. மூத்தவனுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை, என் பாலை உள்ளங்கையில் பீய்ச்சிப் பார்த்துவிட்டு "தண்ணியா இருக்கே" என்றார்கள். முதலில் வருவது தண்ணீராகத்தான் இருக்கும், தாகம் தீர. குடிக்கக் குடிக்கக் கொழுப்புக் கூடிக் கெட்டியாக வரும். அதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. பாட்டிலுக்கு மாற்றினேன். நாலாம் மாதம் வயிற்றுப்போக்கில் அவன் துவண்டுபோய், தலையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். பாட்டிலைச் சரியாகக் கொதிக்க வைக்காததுதான் காரணமென்று டாக்டர் சொன்னார். உனக்குக்கூட அப்போது நான் முழுசாக எழுதவில்லை.

இந்தத் தடவை எங்களைக் காப்பாற்றியது துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவர் முக்கால் மணி நேரம் கட்டிலோரமாக உட்கார்ந்தார். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மார்பில் வைத்து, காம்பைச் சுற்றி இளகும்வரை கையால் கொஞ்சம் பீய்ச்சச் சொன்னார். பிள்ளையின் தலையை மட்டும் திருப்பாமல், அவன் வயிறு தாயின் வயிற்றில் ஒட்டும்படி முழு உடம்பையும் திருப்பினார். காம்பை அவன் மேலுதட்டில் தடவிவிட்டு, கொட்டாவிபோல வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்தார். திறந்ததும் ஒரே அணைப்பு. காம்பு மட்டுமில்லை, அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போய்விட்டது. கீழுதடு வெளியே மடிந்திருந்தது, மோவாய் மார்பில் பதிந்திருந்தது.

கொஞ்ச நேரம் வேகமாகச் சப்பினான். அப்புறம் நிதானப்பட்டு, காதோரம் அசைய, க்ளுக் க்ளுக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. இன்னொரு பக்கத்து மார்பிலிருந்து பால் தானாக வழிந்து ஜாக்கெட் நனைந்தது. கவிதா என்னைப் பார்த்து, "வலிக்கலைம்மா" என்றாள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பால் போதுகிறதா என்று பார்க்க நர்ஸம்மா ஒரு கணக்குச் சொன்னார். ஒரு வாரத்துக் குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போனால் போதுகிறது என்று அர்த்தம். நான் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முதல் சில நாளில் எடை குறைவதும் வழக்கம்தான். 2.9 கிலோவாகப் பிறந்தவன் 2.7 ஆனான், பதினைந்தாம் நாள் 3 கிலோவைத் தாண்டினான். இறைக்கிற கிணறுதான் ஊறும், மல்லிகா. ஒரு வேளை பாட்டில் கொடுத்தால் அந்த வேளை மார்புக்கு வேலை இல்லை, சுரப்பும் குறையும். ராத்திரிப் பாலையும் நிறுத்த விடாதே, சுரப்புக்கான ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் ஒரு கிருமி குழந்தையின் நரம்பையே தாக்கலாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பெரியவர்கள் மனசு நோகக் கூடாது என்றால், கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, சீம்பாலிலேயே ஒரு சொட்டுத் தொட்டு வைக்கச் சொல். ஆறு மாதம்வரை வெறும் தண்ணீர்கூட வேண்டாம், அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடு. நமக்குப் பண்ணியதுபோல அளந்து கொடுக்காதே.

பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், மகள் பயப்படுவாள். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்புகிற வலி அது, ரத்தப்போக்கும் அதனால் குறையும். மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் குறைகிறது. மொத்தமாகப் பால் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4 சதவீதத்துக்கு மேல் குறைவதாக 2002-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. சூலகப் புற்றுநோயும் சர்க்கரை வியாதியும்கூட அப்படித்தான். பிள்ளைக்கு நல்லது என்று மட்டுமே நம்மிடம் சொன்னார்கள். நமக்கும் நல்லது என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

கவிதாவுக்கு 26 வாரம் லீவு. வேலைக்குப் போனதும் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். வெளியே நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள்வரை இருக்குமாம். நம் ஊர் வெயிலை நம்பி வெளியே வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே விடாத மழை. உன் மகளுக்கென்று பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து வைத்திருக்கிறேன், காயத்தான் மாட்டேன் என்கிறது. வளைகாப்புத் தேதியை எழுது. பிரசவம் ஆனதும் ஒரு போன் போடு, முதல் பத்து நாளும் நான் வந்து கட்டிலோரமாக உட்காருகிறேன். இங்கே பேரனைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொள்வார், கேட்டுவிட்டேன்.

உன்,
சாந்தா