முழங்கால் தாங்கும், அக்கா

அன்புள்ள கீதா அக்கா,

நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அங்கேயே பதில் அடிக்க ஆரம்பித்தேன், போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வர அமெரிக்கா போகிறவர்கள் நம் பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் நிறைய. அவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"பிட்ஸ்பர்க் பூரா மலையாமே, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் அங்கே சைக்கிள் ஓட்டவா?" என்று கேட்டீர்கள். ஊர்த் தெருக்களில் வேண்டாம். கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது, நூறு அடி போனால் 37 அடி ஏறும். ஆனால் அதே மலைகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டி, ஒரு பாதை போகிறது. கிரேட் அலகேனி பாசேஜ் என்று பெயர். மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லண்டில் தொடங்கி பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர். கார், பைக், லாரி எதற்கும் அதில் இடமில்லை. அதை உங்களால் ஓட்ட முடியும், நன்றாகவே முடியும்.

காரணம், அது ரயிலுக்காகப் போட்ட வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் ரயிலை நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏற வேண்டியிருந்ததால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்து, பல்சக்கரத்தால் பிடித்து ஏற்றினார்கள். சாதாரண ரயிலின் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரி இழுத்த வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே பல்சட்டத்துக்குப் போகவில்லை. மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்குக்கு மேல் பாலம் போட்டார்கள், ஆறு வளைந்த இடத்தில் கூடவே வளைந்தார்கள். 1912ல் முடிந்த அந்த வேலையால் மிகச் செங்குத்தான இடத்திலும் ஏற்றம் நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டரைத் தொடாது. நந்தி மலையின் கடைசி வளைவுகளில் நீங்கள் இறங்கித் தள்ளினீர்களே, அங்கே பத்து மீட்டர் வரை ஏறும். சைக்கிள்காரர்களுக்கு ரயில் இன்ஜினியரைவிடப் பெரிய உபகாரி கிடையாது என்பது என் கட்சி.

1975ல் அங்கே ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு, ஆற்றோரப் பகுதியை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கி மாநில அரசிடம் சேர்த்தது. முதல் துண்டு 1986ல் திறந்தது, கடைசித் துண்டு 2013ல். நம் பக்கம் அப்படி ஒரு மண்மேடு ஆறு மாதம் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: முதலில் ஒரு டீக்கடை, அப்புறம் ஒரு பிள்ளையார், அப்புறம் வார்டு கவுன்சிலர் படம்.

முழங்காலை விடுங்கள். பெங்களூரில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் நமக்கு முதலில் வலிப்பது தோளும் கழுத்தும்தான். பின்னால் வருவது பிஎம்டிசி பஸ்ஸா, தண்ணீர் லாரியா என்று காது முழு நேரமும் பின்பக்கமே இருக்கிறது. விடிவதற்குள் ஏரியை ஒரு சுற்று சுற்றி வீடு திரும்புகிறீர்களே, அது சைக்கிள் ஓட்டுவதே இல்லை, தப்பிப்பது. அந்தப் பாதையில் இறங்கிய அன்று எனக்கும் கொஞ்ச தூரம் வரை தோள் இறுகியேதான் இருந்தது. பிறகு பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது அதுவரையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அங்கே ஓட்டும் முப்பது கிலோமீட்டர், இங்கே ஓட்டும் பத்தைவிடக் குறைவாகவே உடம்பை வாங்கும். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

பிட்ஸ்பர்க்கில் வேலையாக இருந்த காலத்தில் ஓட்டிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முழு 240ஐயும் ஓட்ட ஆசைப்படாதீர்கள். நடுப்பகுதிதான் உயிர். உங்கள் பையனை மையர்ஸ்டேல் என்ற ஊர் வரை காரில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து பிட்ஸ்பர்க் பக்கம் பார்த்து ஓட்டினால் மொத்தமும் இறக்கம். இறக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

கிளம்பும் முன் ஒரு மணி நேரம் இருந்தால் எதிர்ப்பக்கம் டீல் என்ற சிற்றூருக்குக் காரில் போய், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 729 மீட்டரில் ஒரு சின்னப் பாலத்தடி வரும். இந்தப் பக்கம் விழுந்த மழை மெக்சிகோ வளைகுடாவுக்கும் அந்தப் பக்கம் விழுந்தது அட்லாண்டிக்குக்கும் போகும். பெங்களூரும் இப்படி ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர்தானே. மேற்கே விழுந்த மழை விருஷபாவதி வழியாகக் காவிரிக்கு, கிழக்கே விழுந்தது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணைக்கு. நமக்கு மட்டும் அதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தால் பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கு உண்டு. குளிர்காலத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள், நீங்கள் அக்டோபரில் போவதால் திறந்தே இருக்கும்.

மையர்ஸ்டேலைத் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், முப்பது மீட்டர் உயரம். காசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, ஓடும் ரயில் எல்லாம் காலுக்குக் கீழே போகும். உயரம் உங்களுக்கு ஆகாது என்றால் நடுவாக ஓட்டுங்கள், கைப்பிடி இருக்கிறது. ராக்வுட் வரை 19 கிலோமீட்டர், முதல் நாளுக்கு அது போதும்.

மறுநாள் 29 கிலோமீட்டர், கன்ஃப்ளூயன்ஸ் வரை. காசல்மன், லாரல் ஹில் ஓடை, யாக்கிகேனி மூன்றும் சேரும் இடம், நம் முக்கூடல் மாதிரி. 1754ல் ஜார்ஜ் வாஷிங்டன், அப்போது 22 வயது இளைஞர், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைக்குப் படகில் போக வழி தேடி இங்கே வந்தார். ஆற்றோடு கீழே போய் ஒஹையோபைல் அருவியைப் பார்த்ததும் இது படகுக்கு ஆகாது என்று திரும்பிவிட்டார். அந்த அருவி ஆறு மீட்டர்தான், ஆனால் ஆற்றின் முழு அகலத்துக்கும் விழும்.

கன்ஃப்ளூயன்ஸுக்கு அடுத்து ஒஹையோபைல் வரை ஓட்டி, அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். உங்கள் வீட்டு அண்ணனுக்குத்தான் சைக்கிள் ஆகாதே, அவரைப் பையனோடு காரில் நேரே அங்கே வரச் சொல்லிவிடலாம். அருகில் ஃபாலிங்வாட்டர் இருக்கிறது, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் ஓடை அருவிக்கு மேலேயே கட்டிய வீடு. 2019ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டிக்கெட் முன்பே எடுக்க வேண்டும். நீங்களும் அங்கே காரிலேயே போங்கள். அந்தச் சாலையில் ஏற்றமும் உண்டு, வண்டிகளும் உண்டு.

அங்கிருந்து கானல்ஸ்வில் வரை 27 கிலோமீட்டர். இந்தத் துண்டை ஓட்டாமல் வந்தால் நான் பேச மாட்டேன். பாதை மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகும், கீழே யாக்கிகேனி பாறைகளில் மோதி வெள்ளை வெள்ளையாக இறங்கும், ரப்பர் படகுக்காரர்களின் கூச்சல் மரங்களுக்குள்ளே கேட்கும். எதிர்க்கரையில் இன்னமும் சரக்கு ரயில் ஓடுகிறது, அதன் ஊதல் மலையில் பட்டுத் திரும்பும். அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும். நிறத்தைப் பற்றி நான் எழுதினால் நன்றாக வராது, போய்ப் பாருங்கள். நடுவே கடை, வீடு ஒன்றும் கிடையாது, போனில் சிக்னலும் நம்ப முடியாது. தண்ணீரும் புளியோதரையும் கையோடு இருக்கட்டும்.

கானல்ஸ்வில்லோடு கானகம் முடிந்து கரி தொடங்குகிறது. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளுக்கு நிலக்கரியைச் சுட்டு கோக் என்ற எரிபொருளாக்கிக் கொடுத்த ஊர் அது. இதற்கு மேல் பாதை கொஞ்சம் அலுப்பு, அதனால் காரில் திரும்பிவிடுங்கள். ஆனால் பிட்ஸ்பர்க்கில் பையன் வீட்டிலிருந்தே ஒரு காலைப் பொழுது ஹோம்ஸ்டெட் வரை ஓட்டுங்கள். 1892 ஜூலையில் கார்னெகி எஃகு ஆலைத் தொழிலாளர்களும் கம்பெனி வரவழைத்த கூலிப்படையும் மோதிக்கொண்ட இடத்தில் பம்ப் ஹவுஸ் கட்டடம் அப்படியே நிற்கிறது. ஆலை போய்விட்டது. புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்க, சுற்றிலும் ஷாப்பிங் மால். போகும் வழியில் ஹாட் மெட்டல் பாலம் வரும், உருகிய இரும்பை வண்டியில் ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோகக் கட்டியது, இன்று சைக்கிள் போகிறது. பின்னி மில் மூடியதைப் பார்த்த உங்கள் அப்பா இருந்திருந்தால் அங்கே ரொம்ப நேரம் நின்றிருப்பார்.

இன்னும் சில விஷயம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பழக ஒரு நாள் ஆகும். பின்னால் வருகிறவர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்றால் பதறி இடது பக்கம் திரும்பிவிடாதீர்கள், உங்கள் இடப்பக்கமாக முந்தப் போகிறார் என்று அர்த்தம். தரை பொடித்த சுண்ணாம்புக்கல், மெல்லிய டயர் வேண்டாம். ஒஹையோபைல் பக்கம் வாடகைக்கே நல்ல சைக்கிள் கிடைக்கும், இங்கிருந்து சுமக்காதீர்கள். பாதையோரப் புல்லில் உட்கார்ந்தால் ராத்திரி உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அந்தப் பக்கத்து உண்ணி லைம் நோயைப் பரப்பும். அக்டோபர் சனி, ஞாயிறுகளுக்கு அந்தச் சிற்றூர்களில் அறை கிடைப்பது கஷ்டம், திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் சொன்னால் எந்த ஊரில் எங்கே தங்கலாம் என்று பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி